கீழ்க்கோடிக் குழாய்கள்

நேற்று எங்கள் தெருவில் புதுக் குழாய் பதிக்க இயந்திரம் வந்து தோண்டியது. ஈரமண்ணும் சாக்கடையும் கலந்த வாசனை குப்பென்று அடித்தது. என் மகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் வாசலிலேயே நின்று மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "எம்மா, ஒனக்கென்ன கிறுக்கா?" என்றாள். அவளுக்கு எப்படிச் சொல்வேன்? அது என் முதல் உத்தியோகத்தின் வாசனை.

சங்கரன்கோவிலில் அப்போது எட்டு நாளைக்கு ஒருமுறைதான் குடிதண்ணீர் வரும். எங்கள் தெரு மேற்கே மேடு, கிழக்கே பள்ளம். பள்ளத்துக்குத் தண்ணீர் தானாக ஓடும் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. மேல்கோடியில் எங்கள் வீடும் சேர்த்து நாலு வீடுகளில் குழாயோடு மோட்டாரைப் பூட்டியிருந்தார்கள். நாங்கள் உறிஞ்சியது போக மிச்சம்தான் கீழே போகும். கீழ்க்கோடியில் விசைத்தறிக்குப் போகிற குடும்பங்கள். அந்த மிச்சம் குழாயில் மேலே ஏறாது என்பதால் அவர்கள் குழாயை வெட்டித் தாழ்த்தித் தாழ்த்தி, கடைசியில் இடுப்பளவு குழிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். ஒருவர் குழிக்குள் இறங்கிக் குடத்தை நிறைத்துக் கொடுக்க, இன்னொருவர் மேலே நின்று வாங்க வேண்டும். பக்கத்திலேயே சாக்கடை. அது கசிந்து குழியில் நிற்கும். குழாயின் வாய் அதிலே முங்கிக் கிடக்கும்.

நான் நகராட்சியில் தற்காலிகப் பணியாளாகச் சேர்ந்திருந்தேன். வீடு வீடாகப் போய்த் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பது, பிளீச்சிங் பவுடர் போடுவது, புத்தி சொல்வது. இந்த மூன்றாவது வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானாகவே எடுத்துக்கொண்டேன். பவுடர் வாசனை எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு அம்மா காப்பி தம்ளரை மோந்து பார்த்துவிட்டு, "காப்பியிலயும் மருந்து கலந்திருக்கா?" என்று கேட்டுவிட்டார். அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி.

அந்த வருஷம் கீழ்க்கோடியில் மஞ்சள் காமாலை வந்தது. முதலில் ஒரு வீடு, பிறகு அடுத்தடுத்து அஞ்சு வீடு. அங்கே கோமதி இருந்தாள். எங்கள் ஊர் அம்மன் பேரே அதுதான் என்பதால் தெருவுக்கு நாலு கோமதி உண்டு. இவள் தறிக்காரக் கோமதி, என்னைவிட ரெண்டு வயது இளையவள். ஏழு மாதம். மாசமாக இருப்பவர்களுக்குக் காமாலை வந்தால் ரெண்டு உயிருக்கும் ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நான் போன அன்று அவள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு குழிக்குள் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பதறிவிட்டது. பதறினால் எனக்கு வாய் நீளும். "இந்தக் குழியை மூடச் சொல்லி எத்தன தடவ சொல்லுதது? வயித்துப் பிள்ளைக்காரிக்கு அறிவு வேண்டாமா?" என்று சத்தம் போட்டேன்.

அவள் குடத்தை மேலே வைத்தாள். கோபமே இல்லாமல் சொன்னாள்: "எக்கா, நாங்க ஆசப்பட்டா குழி தோண்டுனோம்? ஒங்க வீட்டு மோட்டார நிப்பாட்டச் சொல்லுங்க, நாளைக்கே மூடிருதோம்."

நான் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் சுகாதாரம் சொன்னவளுக்குத் தன் வீட்டு மோட்டார் கண்ணில் படவில்லை, பாருங்கள்.

அன்றைக்குச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்கு அந்த மோட்டார் என்றால் உயிர். துண்டால் துடைத்துத் துடைத்து வைப்பார். "நாம நிப்பாட்டுனா மத்த மூணு வீட்டுக்காரனும் நம்ம பங்கையும் சேத்துல்லா இழுப்பான்" என்றார். அம்மா கரண்டியை வைத்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "நம்ம பிள்ள ஏழு மாசத்துல குழிக்குள்ள எறங்குனா பாத்துக்கிட்டு இருப்பியளா?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மூன்று வீட்டிலும் என்ன பேசினார், எத்தனை பேச்சு வாங்கினார் என்று கடைசிவரை சொல்லவில்லை. திரும்பி வந்து, "இனிமே கீழ்க்கோடி நெறஞ்ச பெறகுதான் மோட்டார். நெறஞ்சா அங்கன ஒரு தட்டுல தட்டுவாங்க" என்றார்.

அடுத்த தண்ணீர் நாளில் நாலு மோட்டாரும் வாயை மூடிக்கொண்டிருந்தன. கீழ்க்கோடியில் குழாயை இடுப்புக்கு மேலே உயர்த்தியிருந்தார்கள். அதில் தண்ணீர் விழுந்தது. குழிகளைக் கல்லும் மண்ணும் போட்டு மூடினார்கள். நானும் நாலு சட்டி மண் போட்டேன். "எக்கா, நின்னுக்கிட்டே பிடிக்கேன், பாருங்க" என்று கோமதி கூப்பிட்டுக் காட்டினாள். முக்கால் மணி நேரம் கழித்து எவர்சில்வர் தட்டில் கரண்டியால் டணார் டணார் என்று தட்டும் சத்தம் கேட்டது. அப்பா மோட்டாரைப் போட்டார். கொஞ்ச நாளில் புதிதாகக் காமாலை வருவது நின்றுபோனது.

ரெண்டு மாதம் போனது. தண்ணீர் வராத ஒரு நாள், மத்தியானம், தட்டுச் சத்தம் கேட்டது. அப்பா குழம்பிப்போய் மோட்டார் பக்கம் ஓடினார். சத்தம் நிற்கவே இல்லை. நான் வாசலுக்கு வந்தால், கோமதியின் மாமியார் தட்டும் கரண்டியுமாகத் தெருவில் வருகிறார். "பொம்பளப் பிள்ள! ரெண்டு உயிரும் நல்லாருக்கு, அண்ணாச்சி!" அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்குக் குழிக்குள் நின்று அந்த வார்த்தையைச் சொன்னதற்காகக் கோமதிக்கு நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டு வந்திருப்பேன்; குழி குழியாகவே இருந்திருக்கும்.

இப்போது வீட்டுக்கு வீடு தொட்டி, உள்ளேயே குழாய். குழி இருந்த இடமெல்லாம் சிமென்ட் ரோடு. நல்லதுதான், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். போன மாதம் எதிர்வீட்டுக்காரர் டெங்குக் காய்ச்சலில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். அவர் பிழைத்து வீடு திரும்பி, ஆட்டோவிலிருந்து இறங்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.