ஒரு செம்புக்கு அரை மூடி

எங்கள் ஊரில் மாட்டுக்கு உண்ணி பிடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் என் வீட்டுக்காரரிடம்தான் வருவார்கள். நல்லகாமன் என்றால் அலங்காநல்லூர்ப் பக்கம் நாலு ஊருக்குத் தெரியும். காளை வளர்க்கிற மனிதர். வாடிவாசலில் எங்கள் காளையை இதுவரை ஒருத்தனும் தொட்டதில்லை என்பார். இரண்டு தடவை தொட்டிருக்கிறார்கள், நானே பார்த்தேன். எடுத்துச் சொன்னால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

கேட்கிறவர்களுக்கெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான்: ஒரு வாளித் தண்ணிக்கு ஒரு மூடி மருந்து. அந்த மூடிக் கணக்கில் அவருக்கு அத்தனை பெருமை. தப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. போர்வெல் போட்ட இடத்தில் தண்ணீர் வராதபோது பூமியைத் திட்டினார். கல்யாணமான புதிதில் எதிர்த்துப் பேசிப் பார்த்தேன். இரண்டு நாள் பேசமாட்டார், மூன்றாம் நாள் ஊருக்கெல்லாம் என்னைப் பற்றிப் பேசுவார். எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொள்ளப் பழகி இருபத்தேழு வருடம் ஆகிறது.

போன மாசம் எங்கள் தெரு நாயை லாரி அடித்துப் போட்டுவிட்டது. இரண்டு குட்டிகள் மிஞ்சின, ஐந்து வாரம்கூட இருக்காது. ஒன்றைப் பக்கத்து வீட்டுச் சுடலை எடுத்துக்கொண்டான். இன்னொன்று எங்கள் தொழுவத்துக்கு வந்தது. எனக்கு நாய் பிடிக்காது என்று சொல்லிக்கொண்டேதான் தட்டில் பால் ஊற்றினேன். சீனி என்று பெயர் வைத்ததும் நான்தான். மகள் பவதாரிணி பசுமலையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வெறிச்சென்று கிடந்த வீட்டில் என் சேலைத் தலைப்பைக் கவ்விக்கொண்டு அது பின்னாலேயே வரும். அதன் மேல் உயிரையே வைத்துவிட்டேன், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

குட்டியின் வயிற்றில் தெள்ளுப்பூச்சி மொய்த்தது. ரோமத்தை விலக்கினால் கடுகு சிதறினாற்போல ஓடும். இரவு பகலாகச் சொறிந்துகொண்டே இருந்தது.

"உண்ணிக்கு என்ன மருந்தோ தெள்ளுக்கும் அதேதான். காலையில ஊத்தி விட்டுர்றேன்" என்றார் அவர்.

காலை ஏழு மணிக்குக் காளைக்கு வைத்திருந்த பாட்டிலை எடுத்து வந்தார். சின்ன உசுருக்கு அரை மூடி போதும் என்று சொல்லி, அரை மூடியை ஒரு செம்புத் தண்ணீரில் ஊற்றினார். பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மருந்து பாதியாயிற்று, சரி. தண்ணீர் வாளியிலிருந்து செம்புக்கு வந்துவிட்டதே என்று எனக்கு உறைத்தது. கேட்க வாயெடுத்து, கேட்காமல் சோறு வடிக்கப் போய்விட்டேன். அவர் குட்டியை நனைத்துவிட்டு, மிச்ச மருந்தில் கொஞ்சம் சின்னப் பாட்டிலில் ஊற்றிச் சுடலையிடம் கொடுத்து, அவனுக்கும் அதே அளவைச் சொல்லிவிட்டு வந்தார்.

எட்டரை மணிக்குச் சீனியின் வாயில் நுரை. எழுந்து நிற்கப் பார்த்தது, பின்னங்கால் பின்னிக்கொண்டு விழுந்தது. உடம்பு முழுக்க வெடவெடவென்று நடுங்கியது.

"ஏங்க, இங்க வாங்க. குட்டி ஒரு மாதிரி கெடக்கு."

அவர் வந்து பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று. "குளுரு. துணியச் சுத்து, சரியாப் போயிரும்" என்றார்.

"குளுரா? இந்த வெயில்லயா? வண்டிய எடுங்க."

மருந்துப் பாட்டிலை மடியில் செருகிக்கொண்டேன். அது அவருக்குத் தெரியாது. வழி முழுக்கக் குட்டி என் மடியில் உதறிக்கொண்டே வந்தது. செத்துவிடாதே, செத்துவிடாதே என்று சொல்லிக்கொண்டே போனேன்.

கால்நடை ஆஸ்பத்திரியில் ஆடு மாடுகளோடு பத்துப் பேர் நின்றார்கள். பாதிப் பேர் அவருக்குத் தெரிந்தவர்கள். "என்ன நல்லகாமன் அண்ணே, நீங்களே இங்கிட்டு வந்துட்டீக" என்று ஆட்டோடு நின்ற எங்கள் ஊர்ச் சோணை சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. குட்டியின் நடுக்கத்தைப் பார்த்து எல்லோரும் வழிவிட்டார்கள்.

டாக்டர் அஸ்வினிக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். குட்டியின் ஈறைத் தூக்கிப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், ரோமத்தை முகர்ந்தார். "என்ன மருந்து போட்டீங்க ஐயா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் போடலம்மா. தானா வந்துருச்சு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. விஷமான்னு தெரியாம நான் ஊசி போட முடியாது."

"அதான் சொல்றேன்ல. ஒண்ணும் போடல."

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நான் சொன்னால் இத்தனை பேர் முன்னால் இந்த மனிதர் பொய்யர் ஆகிவிடுவார். சொல்லாவிட்டால் மேசை மேல் கிடக்கிற உயிர் போய்விடும். பாட்டிலை எடுத்து டாக்டர் முன்னால் வைத்தேன்.

"இதப் போட்டாரு டாக்டரம்மா. அரை மூடி, ஒரு செம்புத் தண்ணியில. ஏழு மணிக்கு."

"அன்னக்கொடி" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

டாக்டர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். உதவியாளரிடம் வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் கேட்டார். குட்டியை அலசிக்கொண்டே பேசினார். "வாளிக்கு ஒரு மூடின்னா, செம்புக்கு அரை மூடிங்கறது அஞ்சு மடங்கு காரம். தண்ணியச் சரியா ஊத்தியிருந்தாலும் இது பெரிய மாட்டுக்கு உள்ளது, குட்டிக்கு ஆகாது. நக்கி வேற இருக்கும்." ஊசி போட்டார். துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்து, நெஞ்சோடு அணைத்துச் சூடாக வைத்திருக்கச் சொன்னார். "ஒரு மணி நேரம் பாக்கலாம். இத வேற எதுக்காச்சும் போட்டீங்களா, யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

அப்போதுதான் அவருக்குச் சுடலை ஞாபகம் வந்தது. எனக்கும்தான். கைபேசியை எடுத்து அவனுக்குப் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார். காது சரியாகக் கேட்காது என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். மூன்றாவது தடவை சுடலையின் சம்சாரம் முத்துமீனா எடுத்தாள்.

"அவரு கொல்லையில குட்டிக்கு மருந்து கலக்கிட்டு இருக்காருண்ணே."

"நிறுத்தச் சொல்லும்மா. ஃபோன அவன்கிட்டக் குடு, ஓடு."

அவள் ஓடுகிற சத்தம் கேட்டது.

"என்னண்ணே? இப்பத்தான் முதுகுல ஊத்துனேன். அளவு கொறைஞ்சு போச்சா?" என்றான் சுடலை.

"ஊத்தாத. சுடலை, அந்த மருந்து…" என்று இழுத்தார்.

மருந்து சரியில்லை என்று சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கம்பெனிக்காரன் மேல் பழியைப் போட்டால் தப்பித்துவிடலாம். போர்க் குழியில் பூமியைத் திட்டியவர்தானே.

அவர் என் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். உள்ளே இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"மருந்து மேல குத்தமில்லடா. நான் சொன்னது தப்பு. மாட்டு மருந்தக் குட்டிக்குக் குடுத்தது என் தப்பு. வெதுவெதுன்னு தண்ணி வச்சு, பிள்ளைக்குப் போடுற சோப்பு தேச்சு இப்பவே அலசு. துண்டுல சுத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வா. என்னய மன்னிச்சிருடா, சீக்கிரம் வா."

"சரிண்ணே, வாரேன்."

சோணை தன் ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றான். அந்த மரியாதைக்கு அவனுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

சுடலை இருபது நிமிஷத்தில் வந்தான். அந்தக் குட்டிக்கு வாயில் லேசாக எச்சில் வடிந்ததோடு போயிற்று. பதினோரு மணி சுமாருக்குச் சீனியின் நடுக்கம் குறைந்து, தூங்கியது. டாக்டர் தொட்டுப் பார்த்து, "பொழச்சுக்கும்" என்றார். இந்த வயசுக் குட்டிக்குக் குளிப்பாட்டுவதும் பேன் சீப்பும் போதும், படுக்கிற சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் போட வேண்டும், மருந்து எதுவானாலும் வயசும் எடையும் பார்த்து டாக்டர் எழுதித் தந்தால்தான் போட வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தலையாட்டினார்.

மத்தியானம் வீட்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, சுடலையின் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு, தெள்ளை ஒவ்வொன்றாகச் சீப்பில் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் உதறிக்கொண்டிருந்தார். நான் சீனியோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீ பாட்டில எடுத்து வைக்கலேன்னா நான் சொல்லியிருக்க மாட்டேன் அன்னம்" என்றார், தலை நிமிராமல். "காலையில நான் கலக்கும்போது பாத்துட்டுத்தான நின்ன?"

"ஆமா. பாத்தேன்."

"பெறகு ஏன் அப்பவே சொல்லல?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரியாமல் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.