வியாழன் பக்கத்துக் கல்லுக்கு வைத்த பெயர்

வானத்தில் ஒரு கல்லைக் கண்டுபிடித்ததுகூடப் பெரிதில்லை. அதற்குப் பெயர் வைப்பதில்தான் எங்கள் வீடு இரண்டுபட்டது.

எங்கோ உள்ள தொலைநோக்கி எடுத்த படங்களைக் கணினியில் பார்த்து, நகரும் புள்ளியைத் தேடுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. பனித்திட்டு என்கிற கடலோர ஊரில், எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் உட்கார்ந்து பார்ப்பேன். அப்படிச் சிக்கியதுதான் அந்தச் சிறுகோள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் கற்களில், வியாழன் பக்கத்து ஓரத்தில் இருப்பது. பல வருஷம் வெறும் எண்ணோடு கிடந்தது. பாதை உறுதியான பிறகு, பெயரை நீங்களே சொல்லலாம் என்று சிறுகோள்களுக்குப் பெயர் பதிகிற குழுவிடமிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் பதினாறு எழுத்துக்குள் இருக்க வேண்டும். விளம்பரம் கூடாது, வளர்க்கும் நாய் பூனை பெயர் வேண்டாம்.

எங்களிடம் நாய் இல்லை, அப்பா இருந்தார். காலமெல்லாம் கடலுக்குப் போனவர். படகுக்கு அம்மன் பெயர், வீட்டுப் பட்டா தாத்தா பெயரில், ரேஷன் கார்டு அம்மா பெயரில். தன் பெயரில் ஒரு துரும்பும் இல்லை என்பது அவருடைய நெடுநாள் குறை. தன் பெயரையே வைக்கச் சொல்லி வெட்கமில்லாமல் கேட்டார். கரையில் வலை பிரிக்கிறவர்களிடமெல்லாம் சொல்லியும் விட்டார். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

அம்மா ஒரே பேச்சில் வெட்டினாள். அவள் பாகூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். மகள் பிடித்த கல்லைப் பற்றி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தாள். புருஷன் பெயரை மட்டும் அவள் வாயால் சொன்னதே கிடையாது. ஆஸ்பத்திரியில் கேட்டால்கூட என்னைத்தான் கைகாட்டுவாள்.

"கல்லுக்கு இன்னா பேருன்னு கேட்டா, நான் வாய மூடிக்கினு நிக்கணுமா? ஊரே சொல்லும், பெத்தவ நான் மட்டும் சொல்லக்கூடாதா?"

அந்தப் பழக்கத்தை விட்டுவிடேன் என்றேன். அவள் முறைத்த முறைப்பில் கூடையிலிருந்த சங்கரா மீனே திரும்பிப் படுத்திருக்கும். ஆனால் கண் கலங்கியிருந்தது. நான் அடங்கிவிட்டேன்.

இரண்டு நாள் அப்பா கரைப்பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"அவ வாயில வராத பேரு எதுக்கு? அவ பேரையே வெச்சுடு."

சொல்லும்போதும் 'அவ'தான். கல்யாணமான நாளிலிருந்து அம்மாவை 'இந்தா' என்பதற்குமேல் அவர் கூப்பிட்டதில்லை. அவளிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அன்றே அனுப்பினேன்.

மாதங்கள் கழித்து ஒப்புதல் வந்தது. பெயரைத் தமிழில் பெரிதாக எழுதி அப்பாவிடம் நீட்டினேன். வாசல் வெயிலில் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள். தன்னையா கூப்பிட்டார் என்று கேட்டாள்.

"கல்லு பேரப் படிச்சேன்" என்றார் அப்பா.

அம்மா தாளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு வாட்டி படிய்யா."