நானாவின் கடையில் விட்டுவந்த நாலு சென்சர்

நானாவின் உள்ளங்கையில் அது இருந்த விதம் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் சின்னது. கறுப்பு நிறம். எந்தப் பக்கத்தாலும் திறக்க ஏலாதபடி ஒட்டி அடைத்திருந்தது. ஒரு முனையில் ரயருக்குக் காற்றடிக்கும் வால்வு வெள்ளி நிறத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. ரயரை ரிம்மில் இருந்து கழற்றியதும் உள்ளே ஒளிந்திருந்த ஏதோ பூச்சியைக் கண்டுபிடித்தவர் போல அதைத் துடைத்து எனக்கு முன்னால் நீட்டினார்.

“சாமி, உங்கட ஜீப்புக்குக் காய்ச்சல் பார்க்கிற ஆள் இவர்தான். உள்ளுக்க இருந்துகொண்டு காத்து கூடக்குறைய இரிக்கா எண்டு சொல்லிக்கொண்டே இரிப்பார்.”

“உள்ளுக்குப் பற்றறி இருக்கோ நானா?”

“பற்றறி இல்லாம எப்படி? பற்றறியும் இரிக்கு, செய்தி அனுப்புறதுக்குச் சின்ன ரேடியோ ஒண்டும் இரிக்கு.”

அவர் சிரித்தார். பற்றறி, ரேடியோ என்ற இரண்டு சொற்களையும் ஒன்றாகச் சேர்த்து வாயால் சொல்லவே நாங்கள் பயந்த காலம் அது.

சுனாமிக்குப் பிறகு வந்த ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தில் நான் சாரதியாக இருந்தேன். சமாதானம் முறிந்து திருகோணமலையில் மறுபடியும் வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. காலையில் திருநீறு பூசி, அம்மனைக் கும்பிட்டு, பின்னேரம் இதே நெற்றியோடு வீடு திரும்ப வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு புறப்படுவேன். அந்தத் திருநீற்றைப் பார்த்துத்தான் நானா என்னைச் சாமி என்று கூப்பிடத் தொடங்கினார். துறைமுகத்துக்குப் போகும் வீதியில் அவருக்கு ஒரு ரயர்க்கடை இருந்தது. சொந்த ஊர் குறிஞ்சாக்கேணி. வயதில் எனக்குக் கிட்டத்தட்டச் சமம். முஸ்லிம் சகோதரர்களை நாங்கள் கூப்பிடும் முறையில் நானும் அவரை நானா என்றேன். கை ரயரில் இருந்தால் வாய் பகிடியில் இருக்கும். அவரிடம் போனால் அரை மணித்தியாலமாவது பயம் மறந்து இருக்கலாம்.

எங்கள் ஜீப் வெளிநாட்டில் இருந்து கப்பலில் வந்தது. சக்கரங்கள் எல்லாம் அலுமினிய ரிம். கிராமத்து றோட்டுக் கிடங்குகளில் விழுந்து விழுந்து இரண்டு ரிம் வெடித்துவிட்டன. நிறுவனம் கொழும்பில் இருந்து நாலு இரும்பு ரிம்மும் தடித்த ரயர்களும் அனுப்பியது. மாற்றுவதற்காகக் கழற்றியபோதுதான் இந்தச் சென்சர்கள் வெளியே வந்தன. அவற்றைப் புதிய ரிம்மிலும் பூட்டலாம் என்றார் நானா. ஆனால் வால்வைச் சுற்றி வரும் சின்ன ரப்பர் வளையமும் நட்டும் புதிதாக வேண்டும். பழையதையே போட்டால் காற்று கசியும். அந்த வளையம் இங்கே எடுக்க ஏலாது. ஆகவே இப்போதைக்குச் சாதாரண ரப்பர் வால்வைப் போடுவோம், சென்சர் இல்லாதபடியால் ஸ்டியரிங்குக்கு முன்னால் காற்றைப் பற்றி எச்சரிக்கும் மஞ்சள் வெளிச்சம் எரிந்துகொண்டே இருக்கும், அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, காற்றை மட்டும் கிழமைக்கு ஒருதரம் கையால் அளந்து பாருங்கள் என்றார். எங்கள் பொறுப்பாளராக இருந்த வெள்ளைக்கார மிஸ், சக்கரத்துக்குள் இருந்து வரும் சென்சர்களை எறியாமல் பத்திரமாகக் கொண்டுவரும்படி சொல்லியிருந்தா.

கடையில் இருந்து உப்புவெளியில் இருந்த அலுவலகத்துக்குப் போக இரண்டு சோதனைச் சாவடி. இருக்கைக்குக் கீழே கையை விட்டுத் தடவுவார்கள், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து சோற்றைக் கிளறுவார்கள். பற்றறி வைத்து அடைத்த நாலு கறுப்புப் பெட்டியோடு ஒரு தமிழ்ச் சாரதி அங்கே நின்று, இது குண்டு இல்லை என்று எப்படி விளக்கம் சொல்வது? நான் நானாவிடம் சொன்னேன்:

“நானா, இது இப்ப உங்களிட்டயே இருக்கட்டும். ஒபிஸில கேட்டுப்போட்டு நாளைக்கு வந்து எடுக்கிறன்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, “சரி சாமி, வைங்க” என்று வால்வுகள் போட்டு வைக்கும் பால்மா டின்னுக்குள் நாலையும் போட்டார். நாளைக்கு என்று சொன்ன நான் மூன்று கிழமையாக, இருபத்தொரு நாள், அந்தப் பக்கம் போகவில்லை. மிஸ்ஸுக்கு நானா பத்திரமாக வைத்திருக்கிறார் என்று சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை.

ஒருநாள் காலை கடைத்தெருப் பக்கம் கைக்குண்டு வெடித்தது. அன்றே இராணுவத்தின் சுற்றிவளைப்பு. ஒவ்வொரு கடையாகத் தட்டிக் கொட்டினார்கள். நானாவின் பால்மா டின்னும் கவிழ்ந்தது. அவரைக் கொண்டுபோய்விட்டார்கள்.

எனக்கு இந்தச் செய்தி அடுத்த நாள் காலையில்தான் தெரிந்தது. நானாவின் மனைவி, நாங்கள் ராத்தா என்று அழைக்கும் அந்த மனுசி, குறிஞ்சாக்கேணியில் இருந்து படகுப்பாதையில் கடந்து, பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து எங்கள் ஒழுங்கைக்கு வந்து நின்றா.

“அது உங்கட சாமான் எண்டு எனக்குத் தெரியும். அவர் எனக்குச் சொன்னவர். அங்க உங்கட பேர் சொல்லல்லயாம். ஆரோ வாகனக்காரன் விட்டுட்டுப் போனான் எண்டுதான் சொல்லியிரிக்கார். சாமிட பேரச் சொன்னா சாமிய ஒரேயடியா முடிச்சிப்போடுவாங்க எண்டு, பார்க்கப் போன மச்சானிட்டச் சொன்னாராம்.”

அவ்வளவுதான் சொன்னா. வாருங்கள் என்று கூடக் கேட்கவில்லை. என் மனைவி கதிரையை இழுத்துப் போட்டு இருத்தினா. தேத்தண்ணி வைத்தா, ராத்தா தொடவில்லை.

நான் சாமியறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அன்று நான் அம்மனிடம் துணிவு கேட்கவில்லை. போகாமல் இருப்பதற்கு ஒரு நியாயத்தைக் கேட்டேன். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். நானாவை வைத்திருந்த இராணுவ முகாமுக்குள் போன எத்தனையோ பேர் எங்கே என்று இன்றும் தெரியாது. நான் போனால் நானாவை விடுவார்கள் என்று யார் சொன்னது? இரண்டு பேரையும் வைத்துக்கொண்டால்? விளக்கு முன்னால் இருந்து இப்படியே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ராத்தா, “கிப்லா எந்தப் பக்கம் புள்ள?” என்று கேட்பதும், என் மனைவி சூரியன் மறையும் பக்கத்தைச் சொல்லித் துவைத்த பாய் ஒன்றை விரிப்பதும் கேட்டது. ராத்தா மத்தியானத் தொழுகையை முடிக்கும்வரை நான் எழும்பவில்லை.

பிறகு என் மனைவி கதவைத் திறந்தா. கண் சிவந்திருந்தது.

“அந்த மனுசி ஒரு வார்த்தை உங்களை ஏசியிருந்தா நான் உங்களைப் போக விட்டிருக்க மாட்டன். ஏசுறாவில்லையே. எழும்புங்கோ.”

மிஸ் கொழும்பில். தொலைபேசி எடுபடவில்லை. ஜீப் அன்று என் வளவில்தான் நின்றது. அதையே எடுத்துக்கொண்டு போனேன். வழியில்தான் உதிரிச் சக்கரம் நினைவுக்கு வந்தது. பின்கதவில் தொங்கிய அதை நாங்கள் மாற்றவில்லை. பழைய ரிம், பழைய ரயர். ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். வால்வு ரப்பர் இல்லை, உலோகம். அப்படியென்றால் உள்ளேயும் ஒன்று இருக்க வேண்டும். இருக்குமோ? திறந்து பார்த்தவர் யாரும் இல்லை.

முகாம் வாசலில் என் உடைந்த சிங்களத்தில், அந்தச் சாமான் என்னுடையது என்று சொன்னேன். சொல்லி முடிக்குமுன் முழந்தாளில் இருத்திவிட்டார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு ஓர் இளம் அதிகாரி வந்தான். கடதாசியில் பொதிந்த நாலு சென்சரையும் என் முன்னால் வைத்துக் கேட்டான். சக்கரத்துக்குள் இருப்பது என்றேன். காற்று அளப்பது என்றேன். அவன் நம்பவில்லை. உதிரிச் சக்கரத்துக்குள் இதே மாதிரி இன்னொன்று இருக்கிறது, திறந்து காட்டுகிறேன் என்று என் வாய் சொல்லிவிட்டது.

சக்கரத்தை வளவின் நடுவில் போடச் சொன்னார்கள். எல்லாரும் மணல்மூட்டைகளுக்குப் பின்னால் போய்த் துவக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கழற்றுவதற்கு நானாவைக் கொண்டுவந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. என்னைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“உங்களுக்கு விசரா சாமி? ஏன் வந்தீங்க?”

“நானா, இதுக்குள்ள இருக்குமா?”

அவர் குனிந்து, நல்ல கண்ணால் வால்வைப் பார்த்தார்.

“இரிக்கோணும்.”

“இல்லாட்டி?”

“இல்லாட்டி நாம ரெண்டு பேரும் காத்துப் போன ரயர்தான். பிடிங்க இந்தப் பக்கம்.”

வால்வைத் திறந்ததும் காற்று சீறியது. மணல்மூட்டைப் பக்கம் துவக்குகள் அசைந்தன. நானா கையை உயர்த்தி, பயப்பட வேண்டாம், இனி இன்னும் பெரிய சத்தம் ஒன்று வரும், அதுவும் ரயர்தான் என்று சிங்களத்தில் உரத்துச் சொன்னார். எனக்குச் சிவ சிவ என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வால்வுக்குப் பக்கத்தில் கம்பியைக் கொடுத்தால் உள்ளே இருப்பது நொறுங்கிவிடும் என்று, அவ்வளவு அடி வாங்கியும் அவர் எதிர்ப்பக்கத்தில் இருந்துதான் தொடங்கினார். டப் என்று ரயர் ரிம்மை விட்டது. யாரோ ஒரு சிப்பாய் கத்தினான். சுடவில்லை. அவர்களும் சின்னப் பொடியன்கள்தான்; அன்று அந்த வளவில் பயப்படாதவர் ஒருவரும் இல்லை.

நானா ரயரைக் கிளப்பிப் பிடித்துக்கொண்டு, “உள்ளுக்க கையை விடுங்க” என்றார். விட்டேன். இருட்டு, தூசி, ரப்பர். பிறகு, என் விரலில் அது பட்டது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் சின்னது.

அதிகாரி வந்து ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஜீப்புக்குள் ஏறிச் சாவியைத் திருப்பச் சொல்லி மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்தான். யாருக்கோ தொலைபேசியில் கதைத்தான். அன்று பின்னேரம் என்னை விட்டார்கள். நானாவை மேலும் இரண்டு நாள் வைத்திருந்து, ஐந்து சென்சரையும், இவை வாகனச் சாமான் என்று சிங்களத்தில் எழுதி முத்திரை குத்திய ஒரு துண்டுக் கடதாசியையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். எங்களைப் போலப் போனவர்கள் எல்லாரும் அப்படித் திரும்பி வரவில்லை. எங்களை ஏன் விட்டான் என்று எனக்கு இன்றும் தெரியாது. அம்மன் விட்டா என்றுதான் நான் நம்புகிறேன்.

இப்போது நானா இல்லை. மௌத்தாகிச் சில வருடம். வீதியில் ஓடும் வாகனங்களில் பாதிக்கு மேல் இந்தச் சாமான் இருக்கிறது. போன மாதம் என் மருமகன் காருக்குப் புது ரிம் வாங்கியபோது, கடைக்காரர் பழைய சென்சரைப் போடவா, புதுசு வேணுமா என்று தேத்தண்ணி குடித்தபடி கேட்டார். மருமகன் கைத்தொலைபேசியில் இருந்து தலை நிமிராமல் பதில் சொன்னார். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

அந்த நாட்களில், நானா முகாமில் இருந்து திரும்பி வந்து ஒரு கிழமைக்குப் பிறகு அவர் கடைக்குப் போனேன். கண் வீக்கம் வற்றியிருந்தது. யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிள் ரியூப்பைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

“நானா, நான் ஒபிஸில கேக்கிறதுக்கு இதை விட்டுட்டுப் போகேல்ல. செக்பொயின்ற்றுக்குப் பயந்துதான் உங்களிட்ட விட்டனான்.”

“தெரியும்” என்றார், தண்ணீரில் இருந்து கண்ணை எடுக்காமல். “உங்கட முகத்தப் பார்த்தவுடனே தெரிஞ்சிட்டு. எனக்கும் பயம்தான் சாமி. ஆனா உங்கட கையில இதப் பிடிச்சா உங்கள விடமாட்டாங்க. கடையில பிடிச்சா ரயர்ச் சாமான் எண்டு சொல்லித் தப்பலாம் எண்டு நினைச்சன். கணக்குப் பிழைச்சிட்டு.”

குமிழி வந்த இடத்தைப் பெருவிரலால் மூடிக்கொண்டு சிரித்தார். நான் பால்மா டின்னைத் திறந்து ஐந்து சென்சரையும் அந்தத் துண்டையும் எடுத்து என் சட்டைப் பையில் போட்டேன்.

அலுவலகத்துக்குப் போகும் வழியில் முதலாவது சாவடியில் வரிசை நீண்டிருந்தது. திருநீறு வியர்வையில் கரைந்து கண்ணில் இறங்கியது. என் முறை வந்ததும், சிப்பாய் கேட்குமுன்னம் நானே ஐந்தையும் எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.