சொல்லாமல் விட்ட ஆறாம் பக்கம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பெரியநாயக்கன்பாளையம் பக்கத்தில் ஓர் ஊரில் மாரியம்மன் நோம்பித் திருவிழாவின்போது நடந்தது இது. மனநலம், குடிப்பழக்கம் பற்றி ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்ததை எளிய தமிழில் பெரியவர்களுக்குச் சொல்லித்தருவது என் வேலை. பட்டறை, மகளிர் குழு, கோயில் மண்டபம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவேன். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை என்றாலும் எல்லோருக்கும் நான் 'டீச்சர்'தான்.

என்னிடம் எட்டுப் பக்கக் குறிப்பு இருந்தது. தினமும் காலையிலிருந்தே குடிக்கிறவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனம் குழம்பலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், மருத்துவரிடம் காட்டி மருந்தோடுதான் நிறுத்த வேண்டும் என்று ஆறாம் பக்கத்தில் இருந்தது. நோம்பிக்கு முந்தின மாதம் ஒரு மோட்டார் பட்டறையில் இதைச் சொன்னபோது ஒருவர் எழுந்து நின்றார்.

"அப்ப நிறுத்துனாத்தான் ஆபத்துங்கறீங்க. நாங்க பத்திரமாவே இருந்துக்கறமுங்க டீச்சர்."

பட்டறையே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவர்களுக்கு நானே சாக்கு எடுத்துக் கொடுப்பதா என்று அந்தப் பக்கத்தை அன்றைக்கே உருவி எடுத்துவிட்டேன்.

அந்த ஊர்க் கோயில் மண்டபத்தில் ஏழு பக்கத்தோடு வகுப்பு எடுத்தேன். காப்புக் கட்ட இரண்டு நாள் இருந்தது. காப்புக் கட்டியவர்கள் நோம்பி முடியும்வரை குடியைத் தொடமாட்டார்கள், ஊர் எல்லையைத் தாண்டமாட்டார்கள். "இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது, வீட்டில் குடிக்கிறவரைக் காப்புக் கட்டச் சொல்லுங்கள்" என்று உற்சாகமாகப் பேசினேன். முன்வரிசையில் ஓர் அம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டார். பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றுகிறவர். கணவர் லேத்து வேலை. காலையில் குடித்தால்தான் அவருக்குக் கை நடுக்கம் நிற்குமாம். வகுப்பு முடிந்ததும் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

காப்புக் கட்டிய மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். அவரிடமிருந்து போன் வந்தது.

"ஏனுங் டீச்சர், நீங்க சொன்னீங்கன்னு எங்கூட்டுக்காரரைக் காப்புக் கட்ட வெச்சேனுங்க. ஒரு சொட்டுத் தொடலீங்க. இப்பச் செவுரெல்லாம் எறும்பு ஊருதுங்கறாரு. ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. சாமி வந்திருக்குதுன்னு எல்லாரும் மஞ்சத்தண்ணி ஊத்தறாங்க."

அது சாமியில்லை, நான் உருவி எடுத்த ஆறாம் பக்கம்.

"உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு ஜி.எச்சுக்குக் கூட்டிட்டுப் போங்க. நானும் வாரேன்" என்றேன். பின்னால் ஓர் ஆண்குரல், காப்புக் கட்டினவனை ஊரைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்று அதட்டியது. அந்த அம்மா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "அம்மங்கிட்ட நான் பேசிக்கறனுங்க. வழிய உடுங்க" என்று சொல்வது எனக்குக் கேட்டது.

போகும் வழியில் ஆம்புலன்ஸிலேயே கணவருக்கு வலிப்பு வந்துவிட்டது. ஜி.எச்சில், சாயங்காலம்வரை எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். வராண்டா பெஞ்சில் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நானே கொன்றுவிட்டேனோ என்ற நினைப்பு என்னை விடவில்லை. நான்கு மணிக்கு மேல் மருத்துவர் வந்து, மருந்து வேலை செய்கிறது, பிழைத்துக்கொள்வார் என்றார். திடீரென்று குடியை நிறுத்தியதால் வந்ததுதான் இது என்றும் விளக்கிவிட்டுப் போனார்.

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இது உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். வாய்வரை வந்தது. ஆனால் நாள் முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "தெரியுமுங்க. சொன்னா, குடிக்கறவங்களுக்கு ஒரு சாக்காப் போயிருமுன்னு விட்டுட்டேன்" என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. தணிந்த குரலில் கேட்டார்.

"சாக்குச் சொல்ல அவருக்கு நீங்க சொல்லித் தரோணுங்களா? அதெல்லாம் அவருக்கு ஆயிரம் தெரியுமுங்க. எனக்குத்தானுங்க தெரியாமப் போச்சு."

எனக்கு அழுகை வந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து கணவரைப் பார்க்க உள்ளே போய்விட்டார்.

வார்டில் ஒரு வாரம் இருந்துவிட்டுக் கணவர் வீடு திரும்பினார். நடுவில் ஒருமுறை மறுபடி குடித்தார்; அந்த அம்மா திட்டவில்லை, நேராக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். இப்போது மாதாமாதம் மருந்து வாங்கப் போகிறார்கள். நான் இப்போது எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஆறாம் பக்கத்தைத்தான் முதலில் படிக்கிறேன். யாராவது கேலி பேசிச் சிரிக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, முன்வரிசையில் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்து, இன்னொரு முறை நிதானமாகப் படித்துக் காட்டுகிறேன்.