சிவசக்தி அறுத்த கயிறு

சிவசக்திக்குப் பேய் பிடித்திருந்ததாம்! எவள் கண்டாள்? தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் குடத்தை வைத்துக்கொண்டு வாயடிக்கிறவர்களுக்கு அந்தக் கையின் பாரம் தெரியுமா?

மார்பில் கட்டியென்று பதுளை ஆஸ்பத்திரியில் அறுத்தபோது, கக்கத்து நிணநீர் நெறிகளையும் எடுத்துவிட்டார்கள். நீர் வடிய வழி குறைந்து வலது கை வீங்கியது. கிளினிக்கில் நர்ஸ் ஜிப்னா மிஸ்ஸிதான் சொல்லிக்கொடுத்தாள்.

"வயிறு உப்புற மாதிரி மூச்ச நல்லா இழுங்க அக்கா, மெதுவா விடுங்க. கையில நிக்கிற நீர் மேல ஏற அது ஒத்தாசை. கையில மட்டும் எதையும் இறுக்கிக் கட்டிறாதீங்க."

வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் தினமும் அதைச் செய்தாள். வரிசையாக ஒட்டிய அறைகளாலான லயத்தில் இடைச்சுவர் கூரைவரை எழும்பாது. இந்தக் காம்பராவில் விட்ட மூச்சு அடுத்த காம்பராவில் கேட்கும். தேயிலைத் தோட்டத்தில் சாமி வந்தாலும் பேய் இறங்கினாலும் மூச்சு அப்படித்தானே வாங்கும்? போதாதா! அடுத்த காம்பரா ஜெயலெட்சுமி, சிவசக்தியின் மாமியார் வள்ளியம்மையிடம் ஓடினாள்.

"ஒங்க மருமக விடியக்காலையில பாம்பு மாதிரி சீறுதே, கேக்கலையா?"

"எனக்கென்ன காது செவிடா?"

"அத்தை, அது வீங்குன கைக்கு மிஸ்ஸி சொல்லிக்குடுத்தது" என்றாள் சிவசக்தி.

"மிஸ்ஸிக்கு நம்ம பேயப் பத்தி என்னடி தெரியும்?"

பேயோட்டும் கோடாங்கியை வரவழைத்தார்கள். உடுக்கை அடித்துவிட்டு, வீங்கிய கையில்தான் பேய் குடியிருக்கிறது என்றான். அவள் திமிறத் திமிற, புருஷன் நிஷாந்த் கையைப் பிடித்துக்கொண்டான். கோடாங்கி முழங்கைக்கு மேலே கறுப்புக் கயிற்றை இறுக்கிக் கட்டினான்.

கயிறு சதைக்குள் புதைந்தது. விரல்கள் உப்பி மரத்துப்போயின. கொழுந்து கிள்ள மடங்கவில்லை. அந்த விரல்களால்தானே அவளுக்குச் சோறு!

"என் கை போயிரும்ங்க, அவுத்து விடுங்க."

"அம்மா கட்டச் சொன்னத நான் எப்புடி அவுக்குறது?" என்று அந்த ஆண்பிள்ளைச் சிங்கம் சுவரைப் பார்த்தது.

கத்தரிக்கோலை எடுத்து அவளே அறுத்தாள். வள்ளியம்மை போட்ட கூச்சலில் லயமே வாசலில் கூடியது.

"கட்ட அறுத்தவளுக்கு இந்த வீட்டுல எடமில்ல! வெள்ளிக்கிழமை கோடாங்கி திரும்பக் கட்டட்டும். இல்லாட்டி வெளியே போ!"

"திரும்பக் கட்ட விடமாட்டேன். ஹாலிஎலயில இருக்கிற எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்."

உடுப்புப் பையை இடது தோளில் மாட்டினாள். வேடிக்கை பார்த்தவர்களில் ஒருத்தியும் விலகி வழிவிடவில்லை, இடித்துக்கொண்டுதான் நடந்தாள். அப்போதுதான் நிஷாந்துக்கு வாய் திறந்தது.

"அப்ப ராத்திரிக்குச் சோறு?"

"கோடாங்கிகிட்டக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினாள்.