சாக மறுத்த பொத்தான் பேட்டரி

“நான் அழுத்தி மூடின பேட்டரி ஒண்ணுகூட அற்பாயுசுல போனதா சரித்திரமே கிடையாது!”

ஒரு விருந்தில், மிளகாய்க் குவியலுக்குள் புதைந்திருந்த மீன் தலையைச் சாப்பிடும் குச்சியால் தட்டிச் சொன்னார் லுவோ ஜிங்ஷான். மீன் மறுத்துப் பேசவில்லை.

சீனாவின் சாங்ஷா நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் அவர் துத்தநாக பேட்டரி ஆராய்ச்சியாளர். துத்தநாக உப்பைக் கரைத்த தண்ணீர்தான் அதற்கு ஆகாரம். தீப்பிடிக்காது, விலையும் மலிவு. ஒரே கோளாறு, மின்சாரத்தை ஏற்றி இறக்க ஏற்றி இறக்க, துத்தநாகத் தகட்டில் முள் முளைக்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவிலிருக்கும் தாளைக் குத்திக்கொண்டு முள் மறுபக்கம் எட்டிப் பார்த்தால் பேட்டரி காலி. ஆகவே அறிஞர் உலகம் அந்தத் தண்ணீரில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் கலந்து பார்க்கிறது. சர்க்கரை, இனிப்பு மாத்திரை, உரம் எதையும் விட்டுவைக்கவில்லை. லுவோ சாங்ஷாக்காரர் அல்லவா, ஊரே மென்று துப்பும் பாக்கின் சாற்றைக் கலந்தார்.

சாறு கலந்த பேட்டரி ஓடியது. சங்கடம் என்னவென்றால், கலக்காததும் ஓடியது. கட்டுரைக்கு, பேட்டரியின் ஆயுளைக் காட்டும் இரண்டு கோடுகள் வேண்டும். கலந்தது நீண்டுகொண்டே போக வேண்டும். கலக்காதது சீக்கிரமே பொத்தென்று விழ வேண்டும். இதுவோ, வாரிசுகள் சுற்றி நின்று பார்க்கும் பணக்காரக் கிழவர்போல் தெம்பாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. வருஷக் கடைசிக்குள் பெரிய இதழில் கட்டுரை வராவிட்டால் லுவோவின் வேலை போகும். கூடவே பல்கலைக்கழகம் தந்த வீடும், மகளின் பள்ளிக்கூடமும் போகும்.

இரண்டு பேட்டரிகளையும் செய்தவள் அதே ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி சுன்லான்.

“இன்னும் போகலையா அது?”

“எங்க போகுது! காலையில பார்த்தேன், கல்லுக்குண்டு மாதிரி இருக்கு.”

“ஊரு உலகத்துல எல்லார் கட்டுரையிலயும் இது பாதியிலயே செத்துடுது, சுன்லான்.”

“அவங்களுக்கெல்லாம் நான் செஞ்சு குடுக்கலையே.”

“இன்னொண்ணு செய்யேன். கொஞ்சம்... ஏனோதானோன்னு.”

“ஏனோதானோன்னு உனக்குச் சமைச்சுப் போட வரும். இதுல வராது. ஏன், லுவோ வாத்தியாரே, உங்க திருக்கையாலதான் செய்யறது?”

“என் கை பட்டா உன்னோடதுக்கு மேல நிக்கும். அப்புறம் தலையில துண்டுதான்!”

“நிக்கட்டும், பார்ப்போம். பொண்ணோட டீச்சர் அடுத்த வருஷம் இருப்பீங்களான்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?”

லுவோ ஆய்வக மேஜை முன் உட்கார்ந்தார். அவருக்கும் மனசாட்சி உண்டு. வேண்டுமென்றே கெடுக்க மாட்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். தகட்டைத் தேய்த்து மெருகேற்றினார். வெறும் உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தாளை நேராக வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தி மூடினார். அத்தனை அக்கறையோடு அவர் எதையும் செய்ததில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே திரையில் கோடு பொத்தென்று விழுந்தது.

லுவோ சுற்றுமுற்றும் பார்த்தார். யாருமில்லை. சாறு கலந்த பேட்டரியின் கோட்டையும் இதையும் ஒரே படத்தில் வரைந்தார். மேலே ஓடுவது மனைவியின் கை, கீழே விழுந்தது தன் கை. நடுவிலிருந்த இடைவெளிக்குக் காரணம் பாக்குச் சாறு என்று எழுதினார்.