மூடிய கண்களுக்கு ஒரு திரை

ஒரு கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விடுவது என் வேலை. பதினேழு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். காலை எட்டரை மணிக்கெல்லாம் கூடத்து நாற்காலிகள் நிறைந்துவிடும். ஒவ்வொருவரையும் தலை சாய்க்கச் சொல்லி, கீழ் இமையை விரலால் இறக்கி, ஒரு சொட்டு விட்டுவிட்டு, "கண்ண மூடிக்குங்க, நான் சொல்ற வரைக்கும் தெறக்காதீங்க" என்பேன். பத்து நிமிஷம் கழித்து இன்னொரு சொட்டு. கண்மணி விரிந்து, டாக்டர் உள்ளே எட்டிப் பார்க்கும் அளவுக்கு வர அரை மணி ஆகும். சிலருக்கு ஒரு மணியும் ஆகும். அதுவரை அறுபது எழுபது பேர் வரிசை வரிசையாகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாரும் தூங்குவதில்லை. ஆனாலும் கூடமே ஏதோ ஒரே கனவைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கும். கடல் மூன்று தெரு தள்ளித்தான். வெயில் ஏறியதும் கிழக்குச் சன்னல் வழியாகக் காற்று நுழைந்து, மூடிய முகங்களின் மேல் ஒன்றொன்றாக நடந்து போகும். அந்த நேரத்தில் நானும் குரலைத் தணித்துக்கொள்வேன்.

அப்போதெல்லாம் நோயாளிக்கு ஒரு அட்டைக் கோப்பு. மேசை மேல் அடுக்கி வைத்திருப்போம். ஒரு நாள் இரண்டு கோப்புகள் ஒட்டிக்கொண்டு, ஒரு அம்மா மதியம் ஒன்றரை மணி வரை கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் பெருக்க வந்தவள்தான் பார்த்துச் சொன்னாள். அதற்குப் பிறகு நிர்வாகம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்து, தட்டாஞ்சாவடியில் இருந்த ஒரு சிறிய கம்பெனியிடம் வேலையைக் கொடுத்தது. கம்பெனிக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். தினமும் வேலை செய்கிறவர்களில் நாலு பேர் முதலில் கம்ப்யூட்டர் வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும், பிறகு கூடவே உட்கார்ந்து இதை உருவாக்க வேண்டும் என்றார்கள். அந்த நாலு பேரில் நான் ஒருத்தி.

ஆறு வாரம், மதியத்துக்கு மேல், மாடியில் ஏசி அறையில் வகுப்பு. கம்பெனியிலிருந்து வந்து சொல்லிக்கொடுத்தவர்தான் கம்ப்யூட்டர் நிரலையும் எழுதப் போகிறவர். என் வயதுதான். குழந்தைக்காகப் பத்து வருஷம் வேலையை விட்டுவிட்டு மறுபடி வந்தவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சிஸ்டர் என்பார். ஒரு வேலையைக் கட்டங்களாகவும் அம்புக்குறிகளாகவும் வரையக் கற்றுக்கொடுத்தார். ஒரு விஷயத்தை ஒரே ஓர் இடத்தில்தான் எழுதி வைக்க வேண்டும், இரண்டு இடத்தில் எழுதினால் ஒரு நாள் இரண்டும் சண்டை போடும் என்றார். எழுதி முடித்ததைச் சோதிப்பது எப்படி என்றும் சொன்னார். "தப்புத் தப்பா அழுத்திப் பாருங்க சிஸ்டர். உடைக்கிறதுதான் உங்க வேலை."

எனக்கு அது பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எதுவும் அவ்வளவு பிடித்ததில்லை. சாயங்காலம் ஸ்கூட்டியில் கருவடிக்குப்பம் திரும்பும்போது, நேர்கோடாக ஓடி ஒன்றையொன்று வெட்டும் தெருக்கள் யாரோ ஸ்கேல் வைத்துப் போட்ட அட்டவணை போலத் தெரியும். சிக்னலில் நிற்கிறவர்கள் எல்லாம் தங்கள் கட்டத்தில் நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசை நகரும்போது, என் மனசு அதற்கு அம்புக்குறி போட்டுக்கொண்டிருக்கும். என் முறை வந்து சாமியார் கையை நீட்டியபோது, நான் ஒரு கணம் விழித்துக்கொண்டு நின்றதும் உண்டு.

கூடத்தில் எங்களோடு ஓர் அட்டெண்டர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கண் மங்கி உட்கார்ந்திருப்பவர்களைக் கைபிடித்து டாக்டர் அறைக்குக் கூட்டிப் போவது அவர் வேலை. பயிற்சிக்கு அவரையும் கேட்டார்கள். "நமக்கு எதுக்கும்மா அதெல்லாம்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

கூடத்தின் வேலையை வரையும் பொறுப்பு என்னுடையது. பதிவு, பார்வைச் சோதனை, சொட்டு மருந்து, காத்திருப்பு, டாக்டர். ஐந்து கட்டம், அழகாக வந்தது.

மேடம் கேட்டார்: "டாக்டர் ரெடின்னா, அடுத்த ஆளுக்கு அது எப்படித் தெரியும்?"

"பெரிய டிவி ஒண்ணு மாட்டிடலாம் மேடம். மணி அடிச்சு நம்பர் வரும். பாத்துட்டு எழுந்து போயிடுவாங்க."

"எல்லாரும் பாப்பாங்களா?"

"பாப்பாங்க மேடம்."

திரையையும் வரைந்து, படத்தின் கீழ் கையெழுத்தும் போட்டேன்.

அந்தப் படத்தை அண்ணனிடம் காட்டினேன். கொஞ்சம் பெருமையாகத்தான். அவர் காகிதத்தைத் தூரப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல நான் எங்கம்மா இருக்கேன்?"

"இனிமே நீங்க அலைய வேணாம் அண்ணே. சும்மா உக்காந்துக்கலாம்."

நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் காகிதத்தை மடிக்காமல் அப்படியே என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை வெள்ளோட்டம். கோப்புகளை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டோம். மருந்து விட்டவுடன் நான் புதிதாகக் கொடுத்திருந்த கைக்கருவியில் ஒரு பொத்தானை அழுத்துவேன். மற்றது தானாக நடக்கும். ஒன்பதரை மணிக்கு முதல் மணி அடித்தது. சுவரில் பெரிய திரை, நீல நிறத்தில், எண்ணும் அறையும் பளிச்சென்று வந்தன. யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி மணி. அடுத்த எண் வந்தது. அறுபது எழுபது பேர், தலையைக் கொஞ்சம் சாய்த்து, கைகளை மடியில் வைத்து, கண்ணை மூடியபடி இருந்தார்கள். அவர்கள் எதிரே எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டே இருந்தன. திரையின் நீல வெளிச்சம் முன் வரிசை முகங்களில் தண்ணீர் போல ஆடியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், கண்ணைத் திறக்காமலே என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "மணி அடிச்சிக்கினே இருக்குதே, அது யாருக்கும்மா?"

"உங்களுக்காகவும்தான் இருக்கும் ஐயா. நம்பர் என்ன?"

"நீங்கதான் கண்ணத் தெறக்காதீங்கன்னு சொன்னீங்க. நம்பர் சீட்டு கையில இருக்குது. படிக்க முடியல."

அன்று காலை அந்த வாக்கியத்தை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? ஒவ்வொரு நாற்காலியிலும் குனிந்து நானே மூடச் சொன்ன கண்கள். அந்தக் கண்களுக்காகத்தான் நான் ஒரு திரை கேட்டு வாங்கியிருக்கிறேன்.

டாக்டர் அறைக் கதவைத் திறந்து, "யாருமே இல்லையா?" என்றார். அண்ணன் எழுந்தார். முதல் நாற்காலியில் இருந்து தொடங்கி, ஒவ்வொருவர் கையிலிருந்த சீட்டையும் வாங்கிப் படித்து, உரியவரைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

நான் மாடிக்கு ஏறினேன். மேடம் கம்ப்யூட்டர் முன் சந்தோஷமாக இருந்தார். "நல்லா ஓடுது சிஸ்டர். நம்பர் போயிட்டே இருக்கு."

"நம்பர் போவுது மேடம். ஆளு போவல."

நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "உங்களுது மட்டும் இல்ல. நான் ஒரு தடவைகூட கீழ வந்து உக்காரல."

"இப்ப வரீங்களா? மருந்து விட்டுக்கிட்டு உக்காரலாம். பதினேழு வருஷத்துல நானும் விட்டுக்கிட்டதில்ல."

டாக்டர் இருவர் கண்ணையும் பரிசோதித்து, மருந்து விட்டுக்கொள்ளலாம், பரவாயில்லை என்றார். இன்னொரு சிஸ்டர் மருந்து விட்டாள். முதலில் சுருக்கென்று எரிந்து, தொண்டையில் ஒரு கசப்பு இறங்கியது. மூன்றாவது வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டோம்.

கூடம் வேறு இடமாகிவிட்டது. செருப்புச் சத்தம் எங்கிருந்தோ வந்து எங்கோ போனது. யாரோ ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை எதையோ கேட்டு, பதில் கிடைக்காமல் மறுபடி அதையே கேட்டது. முகத்தில் காற்று பட்டபோது மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும் என்று நினைத்தேன். பிறகு அதுவும் நிச்சயமில்லை. நேரம் இமைக்குள் செந்நிறமாக நின்றுகொண்டிருந்தது. ஒரு பயம் மெல்ல வந்தது. நம் முறை போய்விட்டதோ, நம்மை மறந்துவிட்டார்களோ என்ற பயம். எழுந்து கேட்கலாம். ஆனால் எந்தப் பக்கம் திரும்பிக் கேட்பது? ஒன்றரை மணி வரை பேசாமல் இருந்த அந்த அம்மாவை அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அப்போது தோளில் ஒரு கை லேசாகப் பட்டது. "இன்னும் மூணு பேரு. நான் இங்கதான் இருக்கேன்." அண்ணன் குரல். அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தது. "உங்களுக்கு முன்னாடி நாலு பேரு. இங்கதான் இருக்கேன்." அடுத்ததற்கும் அப்படியே. பதினேழு வருஷமாக அந்தக் குரல் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அது ஒரு வேலை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என் படத்தில் காத்திருப்புக்கு ஒரு கட்டம் இருந்தது. அதற்குள் ஒன்றும் நடப்பதில்லை என்று நினைத்து, உள்ளே எதையும் எழுதாமல் விட்டிருந்தேன்.

மேடம் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். பரிசோதனை அறை வரை அந்தப் பிடியை விடவில்லை.

கண்மணி விரிந்தே இருந்ததால் அன்று ஸ்கூட்டி ஓட்ட முடியாது. வெயில் தாழ்ந்ததும் கடற்கரைக்கு நடந்தோம். வெளியே எல்லாமே வெளிச்சமாக இருந்தது. சுவர்கள் வெண்மையாகக் கரைந்தன. காகிதப்பூக் கொடிகள் பூவாக இல்லாமல் வெறும் நிறமாகத் தொங்கின. கடலும் வானமும் ஒன்றாகிவிட்டிருந்தன. அலைச் சத்தம் மட்டும்தான் அது கடல் என்று சொன்னது. சாயங்காலம் அங்கே வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் சாலையிலேயே மெதுவாக நடந்தோம். எதிரில் வருகிறவர்கள் வெளிச்சத்திலிருந்து பிறந்து, பக்கத்தில் வந்து மனிதர்களாகி, மறுபடி வெளிச்சத்துக்குள் போனார்கள்.

பாறைகளுக்கு மேலே சுவரில் உட்கார்ந்ததும் மேடம் சொன்னார்: "உங்களுக்கு எங்க வேலைய சொல்லிக் குடுத்தா, உங்களுக்குத் தெரிஞ்சத எங்களுக்குச் சொல்வீங்கன்னு நெனச்சோம். நீங்களும் எங்கள மாதிரியே பேச ஆரம்பிச்சிட்டீங்க."

"எனக்கு அது புடிச்சிருந்துச்சு மேடம்."

"எனக்கும் புடிச்சிருந்துச்சு. அதான் நானும் அன்னிக்கு அதுக்கு மேல கேக்கல."

அதன்பிறகு வெகுநேரம் கடலைப் பார்த்தபடி இருந்தோம். பார்த்தபடி என்று சொல்லக்கூடாது. கடல் இருந்த பக்கம் முகத்தை வைத்திருந்தோம்.

மூன்று வாரம் படத்தைத் திரும்ப வரைந்தோம். இந்தத் தடவை கீழே, கூடத்திலேயே, இரைச்சலுக்கு நடுவில். நாற்காலிகளுக்கு எண் ஒட்டினோம். யார் எந்த நாற்காலி, எத்தனை சொட்டு, கடைசியாக எப்போது, முன்னால் எத்தனை பேர் என்பதெல்லாம் எங்கள் கைக்கருவியில் தெரிந்தது. மணியை நிறுத்திவிட்டு, திரையை எங்கள் மேசைப் பக்கம் திருப்பி மாட்டினோம். அண்ணனுக்கும் ஒரு கைக்கருவி வந்தது.

அதைக் கொடுக்கும்போது, "அன்னிக்கு அப்படிச் சொன்னது தப்பு அண்ணே" என்றேன்.

"எது?"

"சும்மா உக்காந்துக்கலாம்னு சொன்னேனே."

அவர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உக்காந்தா முட்டி புடிச்சிக்கும்மா எனக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அடுத்த பயிற்சிக்குப் பேர் கேட்டபோது, கடைசி வரிசையில் அவர் வந்து உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது வெள்ளோட்டத்துக்கு முந்தின நாள், மேடம் எல்லாரையும் உடைத்துப் பார்க்கச் சொன்னார். நாங்கள் தப்பான எண், தப்பான தேதி என்று அழுத்தினோம். எல்லாவற்றையும் தாங்கியது. அண்ணன் மட்டும் எதையும் அழுத்தாமல் கையைத் தூக்கினார்.

"பன்னெண்டாம் நம்பர் சேர்ல இருக்கறவரு பாத்ரூம் போவணும்னு சொல்றாரு. நான் கூட்டிக்கினு போறேன். அந்த நேரம் பாத்து டாக்டர் கூப்புடுறாரு. இது என்ன காட்டும்?"

மேடம் தம் நோட்டைத் திறந்தார், மூடினார். சர்க்கரை வியாதிக்காரர்கள் பாதிப் பேர் வருகிற கூடத்தில், எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை.

"இப்ப ஒண்ணும் காட்டாது அண்ணே" என்றார் மேடம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒரு நாளைக்கு எத்தன தடவ இப்படிக் கூட்டிட்டுப் போவீங்க? மொதல்லேருந்து சொல்லுங்க."